மீசைக்குக் குடுத்த மாத்திரை

ஆயா வேலைன்னா வேறொண்ணுமில்லீங்க, டாக்டரு புரியாமச் சொல்றதுக்கும் நோயாளி புரியாமக் கேக்கறதுக்கும் நடுவுல நின்னு, எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டறதுதான். நான் ரெண்டாங் கிளாசோட நின்னவ. சிங்காநல்லூருல ஒரு டாக்டரம்மாகிட்ட பதினஞ்சு வருசம் தலையாட்டியிருக்கேன். ஆசுபத்திரி பெஞ்சுல காத்துக் கெடந்து இடுப்பொடிஞ்ச என்ற சனங்களே, உங்களுக்காகத்தான் சொல்றேன், கேளுங்க.

கிடாரிக் கணக்கு

அணா போயி நயாபைசா வந்த புதுசு. காங்கேயத்துப் பக்கமிருந்து மாட்டுப்பண்ணை வெச்சிருக்கற ஒருத்தரு மகளக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பேரு ருக்குமணி, வயசு பத்தொம்போது. இன்னும் வயசுக்கு வரல. மேலுதட்டுல பூனைமசுரு தாண்டி மீசையே இருந்துச்சு, குரலும் கட்டை. அது பொறந்தப்ப மருத்துவச்சியே பையனா புள்ளையான்னு கொஞ்ச நேரம் திகைச்சுப்போய் நின்னாளாம்.

டாக்டரம்மா கேக்கறதுக்கு முன்னாலயே அப்பன்காரரு வைத்தியத்த முடிச்சுப்போட்டாரு. "ஏனுங்கம்மா, காளைக்கன்னோட ரெட்டையாப் பொறந்த கிடாரி சினை புடிக்காதுங்க. இவளும் பையனோட ரெட்டைதானுங்க. எனக்கே தெரியுது, ஊருக்காரங்க சொன்னாங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்!"

பெரிய பொஸ்தகம்

"அது மாட்டுக்குத்தாங்க, மனுசருக்கு இல்லை"ன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. திரைக்குப் பின்னால ருக்குமணியப் பாத்துட்டு வந்தப்பறம் அந்தச் சிரிப்பக் காணோம். செங்கல்லாட்டம் ஒரு இங்கிலீசுப் பொஸ்தகத்தப் பிரிச்சு, முன்னால பத்துப் பக்கம், பின்னால பத்துப் பக்கம் பொரட்டினாங்க. கடைசில, "பொண்ணுதான். உள்ள சுரக்கறது ஏதோ அதிகமாச் சுரக்குது, அதனால உடம்பு பாதி ஆம்பளை மாதிரி வளந்துருக்கு. குழந்தை ஆகாது"ன்னாங்க. மீசை கொறையறதுக்கு மட்டும் புதுசா வந்த ஒரு மாத்திரையத் தினமும் தின்னச் சொன்னாங்க.

எனக்கு ஒரே கொழப்பம். மாட்டப் பாத்துச் சொன்னவரும் பொஸ்தகத்தப் பாத்துச் சொன்னவங்களும் ஒரே எடத்துல வந்து நின்னா, அத்தாத்தண்டி பொஸ்தகம் எதுக்குங்க? திரைக்குப் பின்னால சீலையக் கட்டிக்கிட்டே ருக்குமணி கேட்டா: "ஏனக்கா, ஆகாது ஆகாதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே, எனக்கு வேணுமான்னு ஒருத்தருங் கேக்கலையே?"

சீட்டு

அஞ்சாறு மாசங் கழிச்சு கிணத்துக்கடவுல இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தாரு. தென்னந்தோப்புக்காரரு. மூத்த சம்சாரம் செத்துப்போயி மூணு கொழந்தைங்க. இன்னொண்ணு பொறந்தா மூத்தாளு கொழந்தைங்க ஊட்டுல ரெண்டாம்பட்சமாயிருமேன்னு பயம். ருக்குமணிதான் தோதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. குழந்தை ஆகாதுன்னு டாக்டரு கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் தாலிங்கறாரு.

டாக்டரம்மாவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாப்பிள்ளைங்க நகை கேப்பாங்க, தோட்டங்காடு கேப்பாங்க. புள்ள பெறமாட்டான்னு சீட்டுக் கேக்கறவர இப்பத்தானுங்க பாக்கறேன்"னேன். அவரு கொஞ்சங்கூடச் சிரிக்காமச் சொன்னாரு: "இருக்கற மூணு பேருக்கே ஜடை பின்னத் தெரியாம முழிக்கறனுங்கக்கா!"

நாலு மாசம்

கல்யாணமாகி ஒரு வருசம் போயிருக்கும். ருக்குமணி புருசனோட வந்தா. மீசையக் காணோம், மொகம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா ஓயாத வாந்தி. திரைக்குள்ள என்ற காதுல மட்டும் சொன்னா: கல்யாணமாகி மூணாம் மாசமே மொதமொதலாத் தூரமாயிட்டாளாம். இந்த வயசுல போயி எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டு ஆருகிட்டயும் சொல்லல. இப்ப நாலு மாசமா அதுவும் நின்னு போச்சு, பழைய சீக்கு திரும்பிருச்சோன்னு பயப்படறா.

டாக்டரம்மா வவுத்தத் தொட்டுப் பாத்தாங்க. மறுபடியுந் தொட்டாங்க. குழலு வெச்சுக் கேட்டாங்க. வெளிய வந்து, முழுகாம இருக்கான்னு சொன்னதுதான் தாமசம், அந்த மனுசன் சட்டைப் பையிலிருந்து சீட்ட எடுத்து மேசை மேல வெச்சாரு. "இது உங்க கையெழுத்துதானுங்களே? அப்ப வவுத்துல இருக்கறது ஆரோடதுங்க?"

ரெண்டாஞ் சீட்டு

ருக்குமணி புருசனப் பாக்கல. டாக்டரம்மாவத்தான் பாத்தா. அவங்க 'எழுதினது சரிதான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னிக்கே அவ பொட்டியோட அப்பன் ஊட்டுக்குப் போகணும்.

டாக்டரம்மா சீட்டக் கையில எடுத்தாங்க. "தப்பு என்னோடதுங்க. மீசைக்குன்னு குடுத்த மாத்திரை, அதிகமாச் சுரந்தத அடக்கி உள்ளயும் சரிபண்ணியிருக்கு. இப்படியும் ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எழுதியிருக்கணும், ஆகாதுன்னு எழுதிப்போட்டேன். இது உங்க குழந்தைதாங்க." "அதையும் எழுதிக் குடுங்க"ன்னாரு அவரு. குடுத்தாங்க. எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சாரு. அப்பறமேட்டு நகந்து எடம் உட்டு, "ஒக்காரு ருக்கு"ன்னாரு.

ருக்குமணி ஒக்காரல. நின்ன எடத்துலயே நின்னு கேட்டா: "ஏனுங்கம்மா, இன்னிக்கு நீங்க ஊருக்குக் கீருக்குப் போயிருந்தா, என்ற கதி என்னங்க?"

பதினஞ்சு வருசத்துல நான் கண்டது இம்புட்டுத்தானுங்க: 'தெரியல'ங்கற ஒத்த வார்த்தைய டாக்டருங்க வாயிலருந்து வாங்கறதுக்குள்ள நம்ம பாதி உசுரு போயிருது.