குப்பையாக வந்த மூன்று வரி

போன வாரம் ஒரு புது போர்டு வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு முழுக் கம்ப்யூட்டர். கேபிளைச் செருகியதும் லேப்டாப் அதைத் தானே கண்டுபிடித்து, பெயரைச் சொல்லி, பேச ஆரம்பித்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் (பன்னிரண்டு வருஷம்தான், ‘காலம்’ என்கிறேனே என்று சிரிக்காதீர்கள்) இதற்கே அரை நாள் போகும். சீரியல் போர்ட் என்றால் மூன்றே மூன்று கம்பிகள். இந்தப் பக்கம் பேசும் கம்பி அந்தப் பக்கம் கேட்கும் கம்பியில் சேர வேண்டும். பேசும் வேகத்தை இரண்டு பக்கமும் நாமே கையால் ஒரே எண்ணாக வைக்க வேண்டும். ஒருவர் 9600 என்றும் இன்னொருவர் 115200 என்றும் வைத்துவிட்டால் போச்சு. அனுப்பிய எழுத்து ஒன்று, வந்து விழுவது கேள்விக்குறியும் கட்டமும். அதற்கு எங்கள் பாஷையில் குப்பை என்று பெயர்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே பட்டுச்சேலைக்குப் பாலிஷ் போடும் கடை. கஞ்சி வாடை படியேறி வந்து நாங்கள் பற்றவைக்கும் ஈயத்தின் புகையோடு கலந்துவிடும். இன்றைக்கும் சூடான கஞ்சி வாடை வந்தால் என் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். அறையில் மூன்றே பேர். ரேடியோ மெக்கானிக்காக இருந்து முன்னேறிய ஓனர், டிப்ளமோ முடித்த ஸ்டெல்லா, நான். சாயப்பட்டறைகளுக்குப் பெட்டி செய்தோம். தொட்டியில் கொதிக்கும் சாயத்தின் சூட்டை ஒரு கருவி அளந்து போர்டுக்குச் சொல்லும். சூடு மீறினால் போர்டு பட்டறைக்காரரின் போனுக்கு மெசேஜ் தட்டும்.

போர்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கரண்ட் வந்து எழுந்ததும் தன் சொந்தக் கதை முழுவதையும் அந்த சீரியல் போர்ட் வழியாகக் கொட்டும். முதலில் அந்த வாயை அடைத்தால்தான் கருவியை மாட்ட முடியும். ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாபா இது, எயுந்ததும் புலம்பிக்கினு கீது? எங்க ஊட்ல மாரியே கீதே!” என்பார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீடு பக்கத்துக் கூரம் கிராமத்தில். கொஞ்சம் நிலம், அப்பாவுக்குக் கட்சியில் ஒரு பதவி. ஒரு நாள் பட்டறை வேலை முடிந்து ஸ்டெல்லாவோடு பைக்கில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். “எந்த ஊரும்மா?” என்றாள்.

“ஐயம்பேட்டைங்க.”

“ஐயம்பேட்டைல எந்தப் பக்கம்?”

ஸ்டெல்லா சொன்னாள். எனக்கு டம்ளரில் காபி வந்தது. அவளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அம்மாவின் முகத்தில் கோபமெல்லாம் இல்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். நான் என் காபியைக் குடித்தேன். ஸ்டெல்லா குடித்துவிட்டு, கப்பைத் தானே வெளியே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள். பைக்கில் ஏறிய பிறகு, “காபி நல்லா இருந்துச்சுபா” என்றாள். நான் வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

பிறகுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. கருவியை மாட்டுமுன் போர்ட் வேலை செய்கிறதா என்று தினமும் சோதிப்போம். என் லேப்டாப்பில் நான் ஏதாவது அடிப்பேன். போர்டோடு இணைத்த திரையில் அவள் படிப்பாள். பிறகு அவள் அடிப்பாள். நடுவில் ஓனர் உட்கார்ந்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பக்கத்து வேகத்தை மட்டும் வழக்கமான 9600லிருந்து 115200க்கு மாற்றிவிட்டு, சொல்ல முடியாததையெல்லாம் அடித்தேன். உன்னைப் பிடிக்கும். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை. அந்தக் கப்புக்காக மன்னித்துவிடு. அவள் பக்கம் குப்பைதானே விழப்போகிறது! உலகத்திலேயே இப்படிக் காதலைச் சொன்ன பயந்தாங்கொள்ளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“குப்பையா வருதுபா, உன் ஸ்பீட பாரு” என்பாள்.

“அய்யோ, ஆமா. மாத்திட்டேன், இப்ப பாரு” என்பேன். மனசு லேசாகிவிடும்.

கொஞ்ச நாளில் அவள் குப்பை வருகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சலித்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு இன்னும் நிறைய அடித்தேன்.

தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவள் ஓனரிடம் சொன்ன வாரம், ஒரு மத்தியானம், என் திரையில் குப்பை வந்தது. மூன்று வரி இருக்கும்.

“ஸ்டெல்லா, இங்க குப்பையா வருது.”

“உன் ஸ்பீட பாரு.”

“9600தான். என்னுது சரியாத்தான் கீது. நீ மாத்து.”

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கீபோர்டைப் பார்த்தாள். “சரி, மாத்திட்டேன்” என்றாள். நான் திரையில் விழுந்த குப்பையை அழித்தேன். ‘வணக்கம்’ என்று வந்தது, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

அவள் கல்யாணத்துக்குப் போனேன். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிரியாணி சாப்பிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மரத்துப்போன பல்லில் நாக்கு படுவதுபோல ஏதோ இருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. வேலை, என் கல்யாணம், அப்பாவின் சாவு.

ஆறு மாதத்துக்கு முன் ஷேர் ஆட்டோவில் ஏறினால், எதிர் சீட்டில் ஸ்டெல்லா. மடியில் காய்கறிப் பை. பிள்ளைகள், பள்ளிக்கூடம், ஓனர் மகனோடு பெங்களூர் போய்விட்டது, அந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்பது எல்லாம் பேசினோம். ஐயம்பேட்டை நெருங்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

“நீ அடிச்சதெல்லாம் படிச்சேன்பா. எம்பக்கம் ஸ்பீட ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தேன், வந்துடுச்சு. அப்பால நீ அடிக்கும்போதெல்லாம் மாத்தி வெச்சுக்குவேன். நானும் ஒரு நாள் அதே ஸ்பீடுல அடிச்சேன். நீதான் மாத்தல.”

ஆட்டோ நின்றது. அவள் இறங்கிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். “இன்னா அடிச்ச, ஸ்டெல்லா?” என்று கேட்டேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். பையைக் கை மாற்றிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

“தெரியலபா,” என்றாள். “ஞாபகமே இல்ல.”