கெளுத்தியின் முள்

பணி ஓய்வுக்குப் பின் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், படப்பையை அடுத்த அடையாற்றங்கரையில் முதன்முறையாகத் தூண்டில் போட்டேன். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்துப் பழகிய கை, நிமிடத்திற்கொரு முறை தூண்டிலைத் தூக்கிப் புழுவைச் சரிபார்த்தது.

அருகே தூண்டிலுடன் அமர்ந்திருந்த பெண் சிரித்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்.

“செத்த நேரம் சும்மா இருங்கய்யா. கெளுத்திக்கு இன்ஸ்பெக்சனா பண்ணுதீய?”

“எவ்ளோ நேரம்மா குந்திகினே இருக்கிறது?”

“மிதப்பு முங்குத வரைக்கும்.”

ஒருவழியாக மிதப்பு மூழ்கியது. இழுத்தேன், கரையில் கெளுத்தி துள்ளியது. “தொடாதீய, முள்ளு!” என்று அவர் கத்தியும், மீன் நழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் பாய்ந்தேன். என் கையைத் தட்டிவிட்ட அவரது உள்ளங்கையில் முள் ஏறியது.

கை வீங்கத் தொடங்கிற்று. மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட். திருகாணி முடுக்கும் வேலை. மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. “லீவு சொல்லிடும்மா” என்றேன்.

“கான்ட்ராக்ட்ல லீவு ஏதுய்யா? மீன நீங்களே கொண்டு போங்க” என்று கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

மீனை ஆற்றிலேயே விட்டேன். அன்று மாலை முழுவதும், அந்தக் கை இப்போது எத்தனையாவது திருகாணியை முடுக்குகிறதோ என்றே மனம் அலைந்தது. இன்றும் அந்தக் கரைக்குச் செல்கிறேன், தூண்டில் இல்லாமல். அவர் வரவில்லை, கேட்காத மன்னிப்பு என்னிடமே இருக்கிறது.