நான்கு பத்துக்குத் தட்டிய டாங்கி

வருடம் அறுபத்தொன்றா, அறுபத்திரண்டா... சொல்ல ஏலாது. என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. ஆனால் இது நடந்தது. நேரத்தில் மட்டும் சந்தேகமில்லை. பின்னேரம் நான்கு பத்து.

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் விட்டுப்போன இரும்புப் பட்டறையைப் பலகையால் மறித்து, பழைய வேலையாட்களுக்குப் பன்னிரண்டு வீடுகளாகக் கொடுத்தார்கள். ஆறாவது எங்களுக்கு. நான், என் புருஷன் முத்தலிப், மூன்று வயது மகள் லைலா. பின் வளவில் பஸ் நீளத்துக்கு ஓர் இரும்பு டாங்கி. உள்ளே பிடித்த துருக் கறளைச் சுரண்டி நிரப்பினால்தான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். முத்தலிப்பும் பக்கத்து வீட்டுத் தம்பிராசா அண்ணரும் அந்த வேலையை ஏற்றார்கள்.

பட்டறைப் பழக்கம் இருவருக்கும் போகவில்லை. உள்ளே இறங்குபவர் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எங்கள் வீட்டுப் பின்வாசல் பலகையில் மாட்டுவார். வெளியே வந்ததும் கழற்றுவார். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே. இது எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை நான்கு பத்து. இருவரும் என் முன்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். டாங்கிக்குள்...

டங்... டங்... டங்...

இறங்கிப் பார்த்தார்கள். ஒருவருமில்லை.

"வெள்ளைக்காரன் போனது தெரியாமல் ஆரோ இன்னும் ஓவர்டைம் செய்யிறான், தங்கச்சி," என்றார் தம்பிராசா.

செவ்வாயும் தட்டியது. புதனும். வீட்டை விட்டுப் போவோம் என்றேன். போக வேறு இடம் எங்கே என்று முத்தலிப் கேட்டார்.

"இனித் தட்டினாப் புள்ளையத் தூக்கிட்டு உள்ளுக்குப் போ," என்றார். "கதவச் சாத்திட்டு ஓது."

வியாழன். அவர் கடைத்தெருவில் என்றுதான் நினைத்திருந்தேன். பெருநாளுக்கு வீடு துடைத்தவள், பலகையில் தொங்கிய வில்லையையும் கழற்றிப் புளியில் ஊறவைத்தேன்.

தம்பிராசா வந்தார். பலகையைப் பார்த்தார். வில்லை இல்லை. மூடியை முறுக்கினார். தண்ணீரைத் திறந்துவிட்டுப் போனார்.

நான்கு பத்து.

டங்... டங்... டங்...

லைலாவைத் தூக்கினேன். கதவைச் சாத்தினேன். ஓதினேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

அன்று மூன்றோடு நிற்கவில்லை.

"வாப்பா..." என்றாள் லைலா.

அவள் வாயைப் பொத்தினேன்.

நான்கு இருபத்தைந்து.

நின்றது.

இரவெல்லாம் அவரைத் தேடினோம். விடிந்ததும் மூடியைத் திறந்தார்கள். முத்தலிப் மூடிக்குக் கீழேயே இருந்தார்.

முப்பது வருடம் பட்டறையில் வேலை செய்த பெரியவர் ஸைனுலாப்தீன் காக்காவிடம், முன்பு அதற்குள் இறந்தது யார் என்று பிறகு கேட்டேன்.

"ஒருத்தருமில்ல புள்ள," என்றார். "ஒன்ட மாப்பிள்ள மட்டுந்தான்."

தம்பிராசா அண்ணர் அதன் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. எழுபதாம் ஆண்டில் காலமானார். லைலா கிண்ணியாவில் கலியாணம் முடித்தாள். என்னிடம் வருவதில்லை. மற்ற வீடுகளில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். எல்லோரும் அந்த டாங்கித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நானும்.