நூல் சுற்று இயந்திரம் வாங்கிய படலம்

தூண்டில் கம்பு கட்டுவது பொறுமையை விற்கும் தொழில். விற்கிற எங்களிடம் அது பாதி வழியில் தீர்ந்துபோகும், வாங்குகிறவரிடம் தொடக்கத்திலிருந்தே இராது.

இத்தொழிலை அறியாதவர்க்கு ஒரு சொல். வெற்றுக் கம்பின்மீது, தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வளையத்தின் பாதத்தையும் மெல்லிய நூலால் இழையோடு இழை நெருக்கிச் சுற்றிக் கட்டி, மேலே பசை பூச வேண்டும். இடக்கை கம்பை உருட்டும்; வலக்கைக் கட்டைவிரல் நூலை அழுத்திப் பிடிக்கும். பணி ஓய்வு பெற்ற பின், மலேசியாவில் மலாக்கா மாநிலத்து ஜாசினில் எங்கள் வீட்டுக் காரை வெயிலுக்குத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் மேசை போட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். மீன் உண்ணாதவன் மீன்பிடிக்கக் கருவி செய்யலாமா என்று கேட்போர்க்கு நான் விடை சொல்வதில்லை. அந்த வினாவை நாள்தோறும் காலையில், பதிகம் ஓதி முடித்த கையோடு, நானே எனக்குக் கேட்டுக்கொள்கிறேன். கம்பை மோட்டாரால் சுழற்றும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புகுந்து நான் பட்டவற்றை, அதே துன்பத்தில் உழலும் அன்பர்கள் படித்து ஆறுதல் கொள்வார்களாக.

கட்டைவிரல் கைவிட்டது

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர் சிவா. தாமும் தம் கூட்டாளிகள் ஐவரும் கடல் மீன்பிடிப் போட்டிக்குப் போவதற்காக ஆறு கம்புகள் கேட்டிருந்தார். ஆறு வாரம் கெடு. ஒரே கையிலிருந்து ஆறு கம்புகளை எவரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. திருவருள் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். மறுவாரமே கட்டைவிரல் மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. நிமிர்த்தினால் சொடுக்கு விழும். விழுந்தால் கண்ணில் நீர் வரும்.

கிளினிக் மருத்துவர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாவது நூலைத் தொடக் கூடாது, இப்படியே தொடர்ந்தால் கத்தி வைக்க நேரும், ஒன்று தொழிலை விடுங்கள், அல்லது மெஷின் வாங்குங்கள் என்றார். தொழிலை விட எனக்கு மனமில்லை. ஆறு கம்பையும் முடிக்காவிட்டால் தொழிலே என்னை விட்டுவிடும் என்பதும் தெரியும். ஜாசினில் செய்தி லாரியைவிட வேகமாகப் போகும். சற்றுக் கெடு நீட்டித் தர இயலுமா என்று சிவாவைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் மரியாதை குறையாமல் சொன்னார்: "எனக்கு ஒன்னுமில்ல மாமா, நான் வெயிட் பண்ணுவேன். போட்டிதான் வெயிட் பண்ணாது. முடியலன்னா சொல்லிடுங்க, கடையில ரெடிமேடா ஆறு எடுத்துக்கிறோம்."

இரு சமயத்தார்

கம்பு கட்டுவோரின் வாட்ஸ்அப் குழுவில் என் ஐயத்தை வைத்தேன்: எந்த இயந்திரம் நல்லது? அன்று நண்பகலுக்குள் குழு இரண்டாகப் பிளந்தது. வேகத்தைக் காலால் மிதித்துக் கட்டுப்படுத்துவதே மெய்ந்நெறி என்றனர் ஒரு சாரார். குமிழைக் கையால் திருகுவதே மெய்ந்நெறி, மிதிப்பவர் கடைத்தேறார் என்றனர் மறு சாரார். கம்பைத் தாங்கும் தண்டவாளம் பலகையா அலுமினியமா என்று உட்பிரிவுகள் தோன்றின. வெளிநாட்டிலிருந்து வருவித்த ஒருவர், நம் மின்சாரம் அதற்கு ஒவ்வாமல் முதல் நாளே புகைந்தது என்று சாட்சியம் கூறினார். இருவர் குழுவை விட்டு வெளியேறினர். அவர்களில் ஒருவர் மாலையில் திரும்பி வந்து மீண்டும் வெளியேறினார்.

இத்தனை வாதத்திலும் மிக நுண்ணிய கருத்துகளைச் சொன்னவர் ஆயர் குரோவில் இருக்கும் ஓர் அன்பர். மோட்டாரின் பல்சக்கரம், தாங்கு உருளையின் ரப்பர், மெதுவான வேகத்தில் இழுவை என ஒன்றையும் விடவில்லை. இவரே தக்கவர் என்று தெளிந்து, தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். "நீங்கள் எந்த இயந்திரத்தில் கட்டுகிறீர்கள்?" என்றேன். "நான் கம்பெல்லாம் கட்டுறதில்லண்ணே. சும்மா வீடியோ பாப்பேன்," என்றார்.

கோபாலின் படைப்பு

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த கோபாலுக்கு, கடையில் விற்கும் எந்தப் பொருளும் தம்மால் செய்யத்தக்கதே என்ற உறுதி உண்டு. செய்தி கேட்டு நான்காம் நாள், ஒரு பலகை, கழித்துப் போட்ட தையல் இயந்திர மோட்டார், இரண்டு ஸ்கேட்டிங் சக்கரம் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய ஒன்றைக் காரில் ஏற்றி வந்தார். கம்பைப் பொருத்தி, நூலைக் கோத்து, என்னை அருகில் நிற்கச் சொல்லி விசையைத் தட்டினார்.

அந்த மோட்டாருக்குத் தெரிந்த நிலைகள் இரண்டே: அசையாமை, ஆவேசம். நூல் முதலில் வளையத்தைச் சுற்றியது. பிறகு தாங்கியைச் சுற்றியது. பிறகு என் வேட்டியின் முனையைப் பற்றிக்கொண்டு அதையும் சுற்றத் தொடங்கியது. தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேட்டியை இரு கையாலும் காத்துக்கொண்டு நிற்க, கோபால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு நிறைவோடு நிமிர்ந்தார். "ஸ்பீடு நல்லாதானே இருக்குண்ணே? குறைக்கிறதுக்குத்தான் இன்னும் வழி கண்டுபுடிக்கல," என்றார்.

திருவடி படலாமா

கெடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் கழிந்திருந்தது. இனித் தாமதியேன் என்று மலாக்கா நகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் சீன முதலாளியிடம் சென்றேன். ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். தமிழ் நன்கு பேசுவார். மூன்றைக் காட்டினார். மிதிகட்டையும் மெதுவான வேகமும் கொண்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முறைப்படி துடைத்து, திருநீறிட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். மேசைமேல் இருந்த பகுதிக்கு மட்டும் செய்திருந்தால் வம்பில்லை, மிதிகட்டைக்கும் செய்துவிட்டேன். பொட்டிட்டுத் தொழுததன்மீது காலை எப்படி வைப்பது? தரையில் அமர்ந்து அதை இடக்கையால் அழுத்திப் பார்த்தேன். மேசைமேல் நூலை எட்டவில்லை. செங்கல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். நிறுத்தச் செங்கல்லுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் இவ்வாறு போயிற்று. மூன்றாம் நாள், உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்த என் மனைவி புஷ்பம் வாசலுக்கு வந்து, செங்கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, முப்பது வருஷமா நான் அந்தத் தையல் மெஷினுக்கும்தான் பொட்டு வைக்கிறேன், மிதிக்கவும் செய்றேன். அப்பல்லாம் உங்களுக்கு ஒன்னும் தோணல. உங்க காலு மட்டும் என்ன, சாமி குத்தம் பண்ற காலா?" என்றாள்.

இடமாகச் சுழன்றது

மிதித்தேன். கம்பு மெல்லச் சுழன்றது. கைப்பிடியை மாட்டிய மோட்டார் முனையில் நின்று பார்த்த எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது: அது இடமாகச் சுழன்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் கைப்பிடி முனையிலிருந்து நோக்கக் கம்பை வலமாகவே உருட்டி வந்திருக்கிறேன். சந்நிதியை வலம் வருவதுபோல. இடமாகச் சுற்றுவது எந்த இடத்தில் செய்யும் சடங்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பிச் சுழற்றும் பொத்தானைத் தேடினேன். அந்த வகையில் அது கிடையாது. மறுபடி பெட்டியில் வைத்துக் கட்டி, மலாக்காவுக்கு ஓட்டினேன்.

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மாற்றித் தர வேண்டும் என்றேன், காரணத்தையும் விளக்கினேன். முதலாளி சிரிக்கவில்லை. இயந்திரத்தை மேசையில் வைத்து ஓடவிட்டு, என் தோளை மெல்லப் பற்றி, கம்பின் மறுமுனைக்கு நடத்திச் சென்று நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் வலமாகச் சுழன்றது. மீண்டும் இந்த முனைக்கு வந்தேன், இடம். அந்த முனைக்குப் போனேன்; வலம். அப்படியானால் பன்னிரண்டு ஆண்டுகளாக என் கையில் வலம் வந்தவை யாவும், நுனியில் நின்று பார்ப்பவருக்கு இடமாகத்தான் சுற்றியிருக்கும் என்ற எண்ணம் எழுந்தது; அதை மேற்கொண்டு எண்ணாமல் விட்டேன். முதலாளி இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினார். "மெஷின மாத்த வேணாம் அங்கிள். நீங்க நிக்கிற பக்கத்த மாத்துங்க லா."

ஆறாவது கம்பு

எஞ்சியது மூன்று வாரம். மிதிகட்டை காலுக்குப் பழகியது. நூல் தானே இழையோடு இழை படிந்தது. கையால் ஐந்து நாள் பிடிக்கும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. சொன்ன நாளுக்கு எட்டு நாள் முன்னதாகவே ஐந்து கம்புகள் பசை உலர்ந்து சுவரில் சாய்ந்திருந்தன. கட்டைவிரலும் இதற்குள் சொடுக்கின்றி நிமிர்ந்தது. ஆகவே ஆறாவதை, சிவா தாமே பிடிக்கப்போவதை, நான் இயந்திரத்தில் ஏற்றவில்லை. மருத்துவர் அறியாமல், புஷ்பம் காணாமல், விரலுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, கையாலேயே கட்டினேன். என் வாழ்நாளில் அதைவிட அன்போடு ஒரு வளையத்தைக் கட்டியதில்லை.

சிவா வந்தார். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சூப்பர் மாமா. அடுத்த மாசம் செங்ல இருந்து இன்னும் நாலு பேர் கேப்பாங்க, நான் சொல்லிட்டேன்," என்றார். தொழில் பிழைத்தது என்று கண்ணை மூடி இறைவனை நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது, ஐந்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆறாவதை மட்டும் என்னிடம் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தார்.

"இது ஒன்னுல மட்டும் நூலு கொஞ்சம் ஏற எறங்க இருக்கு மாமா. இதையும் மெஷின்ல போட்டுக் குடுத்துருங்க."

கையால் கட்டிய கம்பை உற்றுப் பார்த்தால் தனியே தெரியும் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் சொல்லி வந்தேனே, அது பொய்யில்லை என்று ஒருவர் மெய்ப்பித்துக் காட்டியதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, மிதிகட்டையில் காலை வைத்தேன்.