எனக்குக் கிழவி வேஷம் பொருந்தல

விளம்பரப் போட்டோவுக்கு வயசானவங்களா போஸ் குடுக்கறது ரொம்பக் கஷ்டமான தொழிலுங்க, அதுவும் நிஜமாவே வயசானவங்களுக்கு! கரண்ட் ஆபீஸ்ல ரிட்டையர் ஆனதும் இதுல இறங்கினேன். சிரிச்ச மூஞ்சியோட, நான் நானா இருக்கற ஒரே ஒரு போட்டோ நம்ம திருவண்ணாமலையில வரணும்னு ஆசை. உங்களையும் எவனாவது ஜன்னலோரம் உட்கார வெச்சு "சோகமா பாருங்க"ன்னு சொல்லியிருந்தா என் கஷ்டம் புரியும்.

கைத்தடி

மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம். கையில ஒரு தடியைக் குடுத்து, "லேசா நடுங்குங்கம்மா"ன்னான் போட்டோகிராபர் தம்பி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுத்தி வர்ற காலுங்க இது, எங்க நடுங்கும்? முயற்சி பண்ணேன், டான்ஸ் மாதிரி வந்துது. எனக்கே சிரிப்பு தாங்கல. தம்பி கேமராவைக் கீழ வெச்சுட்டான்: "என்னம்மா நீங்க, வயசானவங்க மாதிரி நடிக்கவே தெரியலையே!"

தலைமுடி

போட்டோவுல எனக்குப் புருஷனா வர்றவரு முனுசாமி அண்ணன், ரிட்டையர்டு கண்டக்டர். ஷூட்டிங்னதும் ஆசையா டை அடிச்சு, மீசையை முறுக்கிட்டு வந்தாரு. மேக்கப் பொண்ணு, "தாத்தா லுக் வரலையே"ன்னு தலையில பவுடரைக் கொட்டிட்டா. அண்ணன் தும்ம, பவுடர் பறக்க, நானும் தும்ம, ஒரு படம்கூடத் தேறல. கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாரு: "காலையிலதான் கறுப்பாக்கினேன், மத்தியானத்துக்குள்ள வெளுத்துட்டியேம்மா!"

போஸ்டர்

அப்புறம் ஒருத்தன் முதியோர் இல்ல விளம்பரம்னு என்னைப் பழைய புடவையில, ஜன்னலோரம் உட்கார வெச்சு எடுத்தான். 'பெற்ற பிள்ளையே கைவிட்டான்'னு ஊரெல்லாம் போஸ்டர்! என் பையன் வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு. கூட வேலை செய்யறவங்க அவனோட பேசறதையே நிறுத்திட்டாங்க.

மார்க்கெட்ல பழக்காரம்மா என் கையில வாழைப்பழத்தைத் திணிச்சுட்டு கண்ணைத் துடைச்சுக்குது. எனக்குச் சிரிப்புதான் வந்துது. வீட்டுக்கு வந்து பையன் மூஞ்சியைப் பார்த்ததும் மனசு தாங்கல. அவன் சொன்னான்: "நான் உனக்கு சோறு போடலைன்னு டீக்கடைக்காரன்கூட எனக்கு டீ தர மாட்டேங்கறான்மா!"

ஸ்கூட்டி

அடுத்தது ஒரு பேங்க் விளம்பரம். தைலத்துக்கு எடுத்த அதே தம்பி. மறுபடி சால்வை, ஜன்னல்! "போதும்டா சாமி! சிரிச்ச மூஞ்சி வேணும்னா எடு, இல்லன்னா ஆளை விடு"ன்னு என் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். "அப்படியேம்மா, அப்படியே!"ன்னு பின்னாலயே ஓடி வந்து எடுத்தான்.

இப்ப செங்கம் ரோட்டுல பெரிய பேனர்: ஸ்கூட்டியில நான், பல்லெல்லாம் தெரிய! பையனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவன் அதை செல்போன்ல எடுத்து, 'இதுதான் எங்கம்மா'ன்னு ஆபீஸ் குரூப்ல போட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துல நின்ன ஒரு அம்மா பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, என் கையைப் பிடிச்சுக்கிச்சு: "எனக்கு அறுவத்தாறுதான்க்கா, நாளைக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?"

ஆக, கிழவியா நடிக்க இப்ப எனக்கு நேரமே இல்லீங்க, காலையில அந்தம்மா வண்டியைப் பின்னாலேர்ந்து பிடிச்சுக்கிட்டு ஓடவே சரியா இருக்கு.