டிராகன் ராசாவின் மகளும் பக்திப் பாடல் கசெற்றும்

அந்தக் கதையின் முடிவைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மாவு உருண்டையை மேசையில் ஓங்கி அடித்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசில், லுற்சேர்ண் நகரத்துச் சீன உணவகம் ஒன்றின் குசினி. சமையற்காரரின் மனைவியும் நானும் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தோம். அவரை நான் சீனத்து அக்கா என்பேன். அவருக்குப் பாதி ஜெர்மன், எனக்குப் பாதி ஜெர்மன். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழு ஜெர்மன் வராது. மிச்சத்தை மாவில் விரலால் கீறிக் காட்டுவார்.

கதை இதுதான். முன்னொரு காலத்தில் சீனத்து ஆறு ஒன்றின் அடியில் டிராகன் ராசாவின் அரண்மனை. ராசாவின் மகள் பெண்ணுருவில் கரைக்கு வருகிறாள். எல்லைச் சுவரில் காவல் நிற்கும் வீரன் ஒருவனைக் காண்கிறாள். கரையிலுள்ள பிளம் மரம் பூத்திருக்கும்வரைதான் அவளால் மனித உருவில் இருக்க முடியும். பூ உதிர்கிறது. அவள் ஆற்றுநீராகிறாள், அவன் கரையில் கல்லாகிறான். அவ்வளவுதான், முடிந்தது.

"என்ன விசர்க் கதை இது! கல்லாப் போறதுக்கோ இவ்வளவு பாடுபட்டதுகள்?" என்று தமிழிலேயே கத்தினேன். சீனத்து அக்காவுக்கு விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை காலமும் எல்லோரும் அழுதுவிட்டுப் போனார்கள், சண்டைக்கு வந்தது நீ ஒருத்திதான் என்றார்.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. என்னுடைய பாடும் அப்போது கல்லும் தண்ணீருமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுவிசுக்கு வந்த புதிதில் இரண்டு மாதம் அகதிகள் விடுதியில் இருந்தேன். அங்கேதான் அவரைக் கண்டேன். மட்டக்களப்புக்காரர். சூப்புக்கு வரிசையில் நிற்கும் சனத்தையே சிரிக்கவைக்கிற ஆள். பிறகு அவரை எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலுக்குச் சட்டி கழுவ அனுப்பினார்கள். நான் லுற்சேர்ணுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேயிலிருந்த அண்ணாவின் வீட்டுக்கு வந்தேன். அண்ணா தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிசன், ஆனால் என்னைக் காவல் காக்கும் பொறுப்பை அப்பா தன்னிடம் தந்திருக்கிறார் என்று ஒரு எண்ணம். மட்டக்களப்புக்காரரைப் பற்றி நான் மெல்ல வாயெடுத்தபோதே அண்ணா வெட்டிவிட்டார்.

"மட்டக்களப்பு ஆக்கள் நல்ல சனம்தான். ஆனா ஊர் பேர் தெரியாத இடத்தில சம்பந்தமெண்டால் அப்பா ஓமெண்ணமாட்டார். உந்தக் கதையை விடு, பிள்ளை."

அப்பா மாட்டேன் என்றால் நான் மீறமாட்டேன். அது எனக்கும் தெரியும், எங்கடினில் இருந்தவருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அப்பாவைக் கேட்கவில்லை. தொலைபேசி அண்ணாவின் காதடியில் இருந்தது, தபால்பெட்டித் திறப்பு அண்ணாவின் சட்டைப்பையில் இருந்தது.

ஆனால் பாட்டுக் கசெற் மாற்றுவது எங்கள் சனத்திடையே சாதாரணம். அதை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். எனவே ஒரு கசெற்றின் முகப்பில் 'பக்திப் பாடல்கள்' என்று வடிவாக எழுதி, ஒரு வேலும் கீறினேன். முருகன் மன்னிப்பார் என்று நினைத்தேன். அவருக்கும் ஒரு காதல் கலியாணம் இருக்கிறதுதானே. சிம்மர்ஷ்டுண்ட என்று மத்தியானத்துக்கும் மாலைக்கும் இடையில் எங்களுக்கு ஓய்வு விடுவார்கள். அந்த நேரத்தில் சாமான் அறைக்குள் அரிசிமூட்டையில் ஏறியிருந்து, சீனத்து அக்காவின் கதையை என் விருப்பப்படி திருத்திப் பதிந்தேன். ஒரு பக்கம் நான் கதை சொல்வது, மறுபக்கத்தில் எங்கடினிலிருந்து அவர் தொடர்ந்து சொல்லி அனுப்புவது. அதுதான் ஏற்பாடு.

முதல் கசெற் திரும்பி வந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சீனத்துப் படைவீரன் தனி மட்டக்களப்புத் தமிழ் பேசினான். "என்னகா, ஆத்துக்குள்ள இருந்து ஈரத்தோட வாறாய், சளி பிடிக்காதா?" என்று ராசாவின் மகளைக் கேட்டான். டிராகன் உறுமும் சத்தத்துக்கு மலைரயில் போகும்போது யன்னலுக்கு வெளியே றெக்கோடரை நீட்டிப் பிடித்திருக்கிறார். நானும் விட்டேனா? கொழுக்கட்டை அவிக்கும் பானையின் மூடியைத் தட்டி அரண்மனை மணி அடித்தேன். பெரிய சட்டிக்குள் தலையை விட்டு டிராகன் ராசாவாக உறுமினேன். ராசா கேட்ட முதல் கேள்வி, "பொடியன் எந்த ஊர்? தேப்பன் என்ன செய்யிறார்?" வேறு என்ன கேட்பார்?

வீரனின் மறுமொழி அடுத்த கிழமை வந்தது. "சுவரில காவல் நிக்கிறவனுக்கு ஊர் எங்க ராசா இருக்கு? இந்தச் சுவர்தான் ஊர்." முதலில் சிரித்தேன். பிறகு அரிசிமூட்டையில் சாய்ந்து நன்றாக அழுதேன். எங்கள் எல்லோருடைய நிலைமையும் அப்போது அதுதான்.

ஏழு கசெற் போய் வந்தது. வீரன் ராசாவின் மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டான். ஆனால் சட்டி கழுவுகிறவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. எட்டாவது கசெற்றில் டிராகன் ராசாவின் மகளாக நின்று ஏசித் தள்ளினேன். "பூ உதிரப் போகுது! கேக்கிறதெண்டால் வாயைத் திறந்து கேள், இல்லாட்டிக் கல்லாய்ப் போ!" அதே சூட்டோடு தபாலில் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை அண்ணா வெளியிலிருந்து நல்ல சந்தோசமாக வந்தார்.

"வீட்டுக்குப் பார்சல் போட்டிட்டன். சொக்கிளேற், அம்மாக்குச் சட்டைத்துணி, போன கிழமை நாங்கள் கடிதத்துக்குப் பதிலாக் கதைச்சுப் பதிஞ்ச கசெற் எல்லாம் வைச்சனான். காலமை தபால்பெட்டிக்குள்ள உனக்கொரு பக்திப் பாட்டுக் கசெற்றும் கிடந்தது. அம்மா கேக்கட்டுமெண்டு அதையும் வைச்சிட்டன். நீ இன்னொண்டு எடுக்கலாம்தானே?"

எனக்கு உயிர் போய் வந்தது. அவரை ஏசவும் முடியாது. முகப்பில் வேல் கீறியது யார்? "நல்ல வேலை செய்தனீங்கள் அண்ணா," என்றேன். அன்று சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

திங்கட்கிழமை சீனத்து அக்காவிடம் கெஞ்சி, உணவகத்துப் போனில் எங்கடினுக்கு அழைத்து, கசெற் ஊருக்குப் போன கதையைச் சொன்னேன்.

"அதில என்ன கதைச்சனீங்கள்?"

"கடைசியில வீரனை விட்டுட்டு நான் கொஞ்சம் கதைச்சன்."

"என்னெண்டு?"

"அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் துணிவில்ல புள்ள. ஆறு தரம் அழிச்சு அழிச்சுப் பதிஞ்சது."

"ஐயோ, அம்மா கேக்கப் போறா!"

"மறுகா என்ன, கேக்கட்டும்."

பிறகு என்பதற்கு அவர்கள் ஊரில் மறுகா. மறுகாவாம் மறுகா! போனை அடித்து வைத்தேன்.

இரண்டு மாதம் ஊரிலிருந்து ஒரு மறுமொழியும் இல்லை. பார்சல் தொலைந்துவிடட்டும் என்று காலையில் கும்பிடுவேன். தொலையக்கூடாது என்று பின்னேரம் கும்பிடுவேன். ஒருவரும் கேட்காமலே இருந்த அப்பாவிடம் இப்போது எப்படியோ கேட்டாகிவிட்டது. அவர் வேண்டாம் என்றால் எல்லாம் அதோடு சரி. சீனத்து அக்கா தினமும் காலையில் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், ஒரு கொழுக்கட்டையை என் வாயில் வைத்துவிட்டுப் போவார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் வந்த அம்மாவின் கசெற்றை அண்ணா குசினி மேசையிலிருந்த றெக்கோடரில் போட்டார். மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டார். அம்மா வழக்கம்போல மழை, ஆடு, பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் என்று தொடங்கினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"பிள்ளை, நீங்கள் அனுப்பின பக்திப் பாட்டு வந்தது. வெள்ளிக்கிழமையெண்டு முழுகி, விளக்குக் கொளுத்தி, அக்கம்பக்கத்து ஆக்களையும் கூப்பிட்டு இருத்திப்போட்டு ரேப்பைப் போட்டன். ஆரோ ஒருத்தி 'கல்லாய்ப் போ' எண்டு ஒருத்தனை ஏசுறாள். குரலைக் கேட்டால் என்ர பெட்டை!"

அண்ணாவின் கத்தி நின்றது.

"ஒரு சனமும் எழும்பேல்லை. மற்றப் பக்கத்தையும் போடச் சொல்லிச்சினம். அந்தப் பொடியன் கிழக்குப் பக்கம்போல. நல்ல இனிமையாக் கதைக்கிறான். கடைசியில, 'இது கதையில்ல, நான்தான் கேக்கிறன், என்னைக் கட்டுவியா' எண்டு கேட்டுப்போட்டு அழுதிட்டான். எங்களுக்கும் அழுகை வந்திட்டுது. கொப்பர் எழும்பி வெளியில போயிட்டார்."

என்னை ஒருவர் கலியாணம் கேட்டதை நான் இப்படித்தான் அறிந்தேன். எனக்கு முன்னால் எங்கள் தெருச் சனமே கேட்டுவிட்டது. அண்ணா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். கசெற்றில் ஏதோ உரசும் சத்தம். பிறகு ஒரு இருமல். அப்பா கசெற்றில் பேசியதே கிடையாது. ஒரு பெட்டியோடு மனிசன் கதைப்பதா என்பார்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். நான் பொடியன்ர ஊரைக் கேக்கேல்லை. இஞ்ச எங்கட ஊரிலயே ஆர் எங்க நிக்கினமெண்டு தெரியேல்லை. அவன் உன்னை நினைச்சு அழுதவன். உனக்கு அது போதுமெண்டால் எனக்கும் போதும். கேட்டவனைக் கனநாள் காக்க வைக்காதை."

"ஓம் அப்பா! ஓம்!" என்று றெக்கோடரைப் பார்த்துக் கத்தினேன்.

அண்ணா கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். "எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை, கள்ளி," என்றார். பிறகு, "உந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்தி என்ன பிரயோசனம்? போய் போனை எடு," என்றார்.

எங்கடினில் யாரோ எடுத்தார்கள். அவர் சட்டி கழுவுகிறார், கூப்பிடுகிறோம் என்றார்கள். அவர் ஓடி வந்து மூச்சு வாங்க ஹலோ என்றார்.

"அப்பா ஓமெண்டிட்டார்," என்றேன். "ஆனா நீங்கள் கேட்டதை எங்கட ஊரே கேட்டிட்டுது, நான் இன்னும் கேக்கேல்லை. இப்பவே சொல்லுங்கோ."