ஆறாவது கலம்

ஈழத்தில் நடந்தது இனப்படுகொலைதான் என்று எங்கள் நகரில் முதன்முதலாக மைக் பிடித்துச் சொன்னவன் நான். நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேட்டையில் தொழிற்பேட்டையைத் தாண்டி, வயலாகக் கிடந்ததை மனை போட்டு விற்றதில் முளைத்த ஐந்து தெருக்கள், அவ்வளவுதான். வருடா வருடம் மே மாதத்தில் நலச்சங்கக் கட்டடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பேசுவேன். "ஒரே தீவில் இருந்த ஜனங்களை வெள்ளைக்காரன் இனம் இனமாகப் பிரித்து எண்ணினான். சட்டசபையில் இனத்துக்கு ஒரு நாற்காலி போட்டு மோதவிட்டான். அவன் கப்பலேறிப் போனபிறகு, எண்ணிக்கையில் பெரியவன் சின்னவனை அழிக்கப் பார்த்தான். ஆகவே தமிழர்களே, ஒன்றாக நில்லுங்கள்!" இந்த இடத்தில் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்வேன். நன்றாகக் கைதட்டுவார்கள். பிறகு எல்லாருக்கும் சுண்டல் கொடுப்போம்.

என் வீட்டு முன்னறையை ஈழத்து அம்மாள் ஒருவருக்குக் கடைக்காக வாடகைக்கு விட்டதும் அந்த உணர்ச்சியில்தான். சிறுமியாகப் படகில் வந்து, அகதி முகாமில் வளர்ந்து, கணினியில் தட்டச்சு கற்றுக்கொண்டவர். ஜெராக்ஸ் எடுப்பார், மனு அடித்துக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். என் மே மாதப் பேச்சுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைப்பானேன்.

இந்த வருடம் சங்கத் தலைவர் என்னிடம், "அண்ணாச்சி, நம்ம நகர்ல யார் யார் இருக்காங்கன்னு ஒரு பட்டியல் போட்டுருங்க. ஒரு அவசரம்னா வேணும்லா? உங்க கையெழுத்துன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும்வே" என்றார். முப்பது வருடம் தாலுகா அலுவலகத்தில் பேனா பிடித்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? அன்றைக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், கதவு எண், குடும்பத் தலைவர், கைபேசி, சொந்த ஊர். ஐந்து கலங்கள். தலைவர் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் என் கை நிற்கவில்லை. ஆறாவதாக ஒன்று போட்டு அதன் தலையில் "பிரிவு" என்று எழுதியது. வெள்ளைக்காரன் காலத்துப் படிவங்களில் இருந்து நாங்கள் வழிவழியாகப் பார்த்து எழுதி வந்த கலம் அது. அது இல்லாத படிவம் எனக்குச் சட்டை போடாத ஆள் மாதிரி தெரியும்.

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் யாரும் இன்னொருவனிடம் நீ என்ன சாதி என்று நேரடியாகக் கேட்கமாட்டான். சேச்சே, அது பண்பாடு இல்லை. "உங்களுக்கு சாஸ்தா எங்கன?" என்றுதான் கேட்போம். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா கோயில் உண்டு. எங்கே பிழைக்கப் போனவர்களும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து பொங்கல் வைப்பார்கள். கோயில் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தைக் கேட்கிறவன் கணக்குப் போட்டுக்கொள்வான். பக்தியாகக் கேட்டது போலவும் இருக்கும், வேலையும் முடிந்துவிடும்.

ஐந்து தெருவிலும் இப்படியே பக்தியாகக் கேட்டு எழுதினேன். நாலாவது தெருவில் பதினான்காம் எண் வீட்டில் மட்டும் தடங்கல். புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி. பையனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை. அந்தப் பெண் விக்கிரமசிங்கபுரத்துக்காரி, நூல் மில்லில் வேலை பார்த்த குடும்பம். உறவுக்காரர் என்று யாரும் அவர்கள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் என்னை மாமா என்று கூப்பிட்டு, விசிறியைப் போட்டு, காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். எல்லார் வீட்டிலும் கைநனைக்கிறவன் நான் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. "காப்பி பிரமாதம் தாயி" என்று மனசாரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

"பங்குனி உத்திரம் வருதே, உங்களுக்கு சாஸ்தா எங்கன?"

பையன் ஒரு கோயிலைச் சொன்னான். சொந்த ஊர் கேட்டதற்கு மழுப்பினான். நானா விடுவேன்? "அது புகுந்த வீட்டு சாஸ்தா. தாயி, உனக்குப் பொறந்த வீட்டுல எங்கன போவிய?" என்றேன்.

அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. முகம் மலர்ந்து, ஆற்றங்கரையில் இருக்கிற கோயில், மருத மரம், சிறுவயதில் அங்கே காணாமல்போய் அழுதது என்று பாதி கதை சொல்லிவிட்டாள். பையன் அவளைப் பார்த்தான். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் எனக்கு அது போதும். இருபது வருடம் சாதிச் சான்றிதழ் விசாரணை பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்து ஆறாவது கலத்தில் மேலே அவனுடையதை எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, கீழே அவளுடையதை எழுதினேன். மொத்தப் பட்டியலிலும் சாய்கோடு உள்ள வீடு அது ஒன்றுதான். கண்டுபிடித்துவிட்டோமே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கங்களைப் படம் எடுத்து, "பிழை இருந்தால் தெரிவிக்கவும்" என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. அடித்து எடுக்கலாம் என்று ஈழத்து அம்மாளிடம் தாள்களைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் அடிக்க மாட்டன் ஐயா."

"ஏன், எழுத்து தெளிவா இல்லையா?"

"எழுத்து நல்ல வடிவா இருக்கு. எங்கட அப்பாவின்ர எழுத்தும் இப்பிடித்தான்" என்றார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. பிறகு அவராகவே சொன்னார். "அப்பா கொழும்பில அரசாங்கக் கந்தோரில கிளாக்கர். வாக்காளர் பட்டியல் அவர் பொறுப்பு. எங்கட வீடு ஒழுங்கைக்குள்ள, உங்கட சந்து மாதிரி, பின்பக்கம். அது பட்டியல்ல விடுபட்டுப் போச்சு. அப்பாவுக்கு அது பொறுக்கேல்ல. தன்ர கையாலயே ஓரத்தில எழுதிச் சேர்த்தவர். கலவரத்தில வீடு வீடாத் தேடி வந்தவங்களின்ர கையில அந்தப் பட்டியல்தான் ஐயா இருந்தது. வாசல்ல நிண்டவன் எங்கட இலக்கத்தில விரலை வச்சுக்கொண்டு நிண்டான். அப்பா தன்ர எழுத்தைப் பார்த்திட்டார்."

"பொறவு?"

"நானும் அம்மாவும் பின்கதவால ஓடி, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்களின்ர கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருந்தம். அப்பா வரேல்ல."

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். "அது அங்கன அம்மா. அவன் வேற இனம். இங்கன எல்லாரும் தமிழர்தானே?" என்றேன்.

"ஓம் ஐயா. அப்ப இந்த ஆறாவது கலம் எதுக்கு?"

தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் முன்னறையில் இருந்துகொண்டு நமக்கே பாடம் நடத்துகிறாரே என்று ஆத்திரம். சாயங்காலம் கைபேசியை எடுத்து அந்தப் படங்களை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை. அதற்குள் இன்னும் நாலு கட்டைவிரல்கள் வந்திருந்தன. விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர், துவைத்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மரியாதையான ஆட்கள்.

"அண்ணாச்சி, நாலாவது தெரு எங்கன இருக்கு? எங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு இங்கன இருக்கு. ஒரு வருசமா தேடுதோம்." ஒருவன் கைபேசியை நீட்டினான். இரண்டு விரலால் பெரிதாக்கியிருந்தான். பதினான்கு. அதற்கு நேரே என் சாய்கோடு. "யாரு எழுதுனதுன்னு தெரியல. ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்குவே."

என் வாழ்நாளில் என் கையெழுத்தை யாராவது புகழ்ந்து நான் நடுங்கியது அன்றைக்குத்தான். சங்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கேயோ அனுப்பியிருக்கிறான்.

"அவங்க காலி பண்ணிப் போயிட்டாங்களே, போன மாசமே" என்றேன்.

"பட்டியல் இந்த வாரம் போட்டதுலா?"

"பழைய பட்டியலைப் பாத்து எழுதுனது. தப்பும் தவறுமா இருக்கும்."

முப்பது வருடச் சர்வீஸில் என் பட்டியலைத் தப்பு என்று நான் சொன்னதில்லை, யாரையும் சொல்லவிட்டதும் இல்லை. அவன் என்னையே பார்த்தான். நான் பொய் சொல்லிப் பழகாதவன் என்பது முகத்தில் தெரிந்திருக்கும். அப்போது உள்ளே இருந்து அம்மாள், "ஓம், போயிட்டினம். லொறியில சாமான் ஏத்தினதை நான் கண்டனான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி அண்ணாச்சி. பைய விசாரிச்சுட்டு வாரோம்" என்று பைக்கை மெயின்ரோட்டுப் பக்கம் திருப்பினார்கள்.

அங்கே அவர்கள் யாரிடம் விசாரிப்பார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு அக்கம்பக்கத்தையும் நான்தானே கலம் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாள் கடையின் கதவை இழுத்து மூடினார். ஆட்டோக்காரர் ஒருவரைக் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே நாலாவது தெருவுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓடி எத்தனை வருடமாயிற்றோ.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. அடுப்பை அணைத்தாள். அவன் பட்டறையில் இருந்தான். அம்மாள் அவனுக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வராமல் நேரே ரயில்வே ஜங்ஷனுக்கு வரச் சொன்னார். இரண்டு பைகளில் துணி. குக்கர், விசிறி, ஸ்டூல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்வாசலுக்கு ஆட்டோ வந்தது. பைகளை ஏற்றினேன். என்னால் ஆனது அதுதான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு அவள் கேட்டாள். "எங்க கதவு நம்பர் யாருக்குமே தெரியாதே மாமா. எப்படி அவங்களுக்குக் கிடைச்சுது?"

அம்மாள் என்னைப் பார்த்தார். அவர் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியாது தாயி என்று சொல்லிவிட்டால் முடிந்தது, வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் அவள் மாமா என்றபிறகு பொய் வரவில்லை.

"நான்தான் தாயி எழுதுனேன்" என்றேன். "பட்டியல்ல. உங்க ரெண்டு பேரு சாஸ்தாவையும் கேட்டு, கண்டுபிடிச்சு, நான்தான் எழுதிப் போட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அன்னைக்கு எங்க வீட்டுல காப்பி குடிச்சீங்களே மாமா" என்றாள்.

ஆட்டோ கிளம்பிவிட்டது.